முப்பத்தாறாம் நம்பர் பல்

டிஸ்கி: கொஞ்சம் இரத்தம் வரும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரவும்.

போன செவ்வாய்க்கிழமை என் கீழ்வாயின் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாச்சு. இன்றோடு ஆறாவது நாள். வீக்கம் வடிந்துவிட்டது. வலியும் பெரிதாக இல்லை. நாக்குதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பள்ளத்தைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்களின் வாசலில் போய் நிற்கும் தெருநாய் மாதிரி.

க்ளாஸில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஞானப்பல்லாடா?" என்பதுதான். ஞானப்பல்லாக இருந்தால் கொஞ்சம் கெத்தாகச் சொல்லியிருப்பேன். அது எனக்கு இன்னும் முளைக்கவே இல்லை. (ஏன் முளைக்கவில்லை என்ற ஆராய்ச்சி வேண்டாம் மக்களே, எனக்கே தெரியும்.) இது சாதாரணச் சொத்தைப் பல். பிடுங்காமலேயே காப்பாற்றியிருக்கக்கூடிய பல். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய பதிவு.

ஆரம்பித்தது மாடல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. மெஸ்ஸில் போட்ட சிக்கனில் ஒரு எலும்பைக் கடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். எலும்புதான் உடைந்தது என்று நினைத்துத் துப்பிப் பார்த்தால் அதில் பாதி எலும்பு, பாதி பல். பதினொரு மணிக்கு வலி ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம், படுத்தால் உயிர் போகிறது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பல்லுக்குள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் கூழ் ஒன்று உண்டு. உடம்பில் வேறெங்காவது வீங்கினால் தோல் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். பல்லுக்குள்ளே வீங்கினால் சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், விரிய இடமே கிடையாது. படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த அழுத்தம் ஏறுகிறது, அந்தக் குட்டி அறைக்குள் நெருக்கம் இன்னும் கூடுகிறது. விஷயம் தெரிந்தால் வலி குறையுமா என்ன?

ஹாஸ்டலில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. ரூம்மேட் பேஸ்ட்டை அப்பச் சொன்னான். பக்கத்து ரூம் ஈரோட்டுக்காரன் எங்கிருந்தோ கிராம்புத் தைலம் கொண்டுவந்தான். பஞ்சில் நனைத்து வைத்ததும் ஒரு இருபது நிமிடம் சொர்க்கம். கிராம்பில் யூஜெனால் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது, அது நிஜமாகவே மரத்துப்போக வைக்கும். ஆனால் நான் ஆசையில் பாட்டிலையே கவிழ்த்துவிட்டேன். ஈறு வெந்து, காலையில் வலி இரண்டு மடங்கு. அவ்வ்வ்வ்...

பரீட்சையை எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். மதியம் டவுனில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஏசி ரூம், சோபா, சுவரெல்லாம் சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம். டாக்டர் நல்லவர்தான். எக்ஸ்ரே எடுத்துக் காட்டி, "ரூட் கெனால் பண்ணி மேல கேப் போட்டுடலாம், பல்லு அப்படியே இருக்கும்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். இரண்டும் சேர்த்து எட்டாயிரம். வலிக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லி, கன்சல்டிங் ஃபீஸ் மட்டும் ஜீபே செய்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், சொந்தத் தறி இல்லை. இரண்டு வாரம் முன்னால்தான் செமஸ்டர் ஃபீஸ் கட்டினோம். அந்தப் பணம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவின் கையில் கிடந்த இரண்டு வளையல் போன தடவை போனபோது இல்லை. "கழுவும்போது வழுக்குது, கழட்டி வச்சிருக்கேன்" என்றார் அம்மா. இந்த நிலைமையில் போன் போட்டு எட்டாயிரம் என்று எப்படிச் சொல்வது?

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்ளவும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். பல் விழுகிற சீசன். விழுந்த ஒவ்வொரு பல்லையும் அப்பத்தா சாணியில் பொதிந்து கொடுப்பார், நான் ஓட்டுக் கூரை மேல் எறிவேன். அப்போதே பின்னால் இருந்த ஒரு பெரிய பல்லில் ஓட்டை இருந்தது. சேவு தின்றால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், குச்சியை வைத்து எடுப்பேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார். அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பால் பல்லுதான, அதுவா விழுந்துரும், புதுசு முளைச்சுக்கும்" என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அது பால் பல் இல்லை.

இது நம்மில் பல வீடுகளுக்குத் தெரியாத சங்கதி என்பதால் சொல்லிவிடுகிறேன். ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்கு எல்லாம் பின்னால், மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழுந்து அந்த இடத்தில் இவை வருவதில்லை. காலி இடத்தில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவை வந்ததையே யாரும் கவனிப்பதில்லை. முன்னால் எல்லாம் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும்போது, இதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று நினைத்துவிடுகிறோம். அதன் தலையில் பள்ளங்கள் வேறு அதிகம், சின்னப் பிள்ளைகளின் பிரஷ் அவ்வளவு தூரம் போவதும் இல்லை. போனால் போனதுதான், மறுபடி முளைக்காது.

கொசுவத்தி அணைந்தது. நிகழ்காலத்துக்கு வருவோம்.

சீனியர் ஒருவர் சொல்லி, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கே படிக்கிறவர்கள்தான் வைத்தியம் பார்ப்பார்கள், பக்கத்தில் வாத்தியார்கள் இருப்பார்கள், செலவு ரொம்பக் குறைவு. காலை எட்டரைக்கே வரிசை. ஓ.பி. சீட்டு வாங்கி, பெரிய ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு தாத்தா. கன்னத்தில் துண்டைக் கட்டியிருந்தார்.

"மேல் பல்லா, கீழ் பல்லா தம்பி?"

"கீழ தாத்தா."

"அப்பப் பரவால்ல. மேல்பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்."

இதை எங்கள் அப்பத்தாவும் சொல்வார். பார்வைக்கான நரம்பு கண்ணிலிருந்து நேராக மூளைக்குப் போகிற தனி நரம்பு. பல்லுக்கு வருவது முகத்தின் தொடு உணர்ச்சியைப் பார்த்துக்கொள்கிற வேறொரு நரம்பின் கிளை. அந்த வீட்டுக் கரண்ட்டைப் பிடுங்கினால் இந்த வீட்டு லைட் அணையாது. அநேகமாக நாற்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் பல்லும் போகிறது, கண்ணும் மங்குகிறது, அதனால் பழியைத் தூக்கிப் பல்லின் மேல் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தாத்தாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவருக்கு மேல் பல் என்றால் என்ன செய்வது என்று பயம். கேட்டேன், அவருக்கும் கீழ்ப் பல்தான். அதான் அவ்வளவு தைரியம்.

என் பேரைக் கூப்பிட்டது ஒரு ஹவுஸ் சர்ஜன் அக்கா. அக்கா என்றால் என்னைவிட மூன்று வயது கூட இருந்தாலே அதிகம். நான்கு வருடப் படிப்பு முடித்து ஒரு வருடப் பயிற்சியில் இருப்பவர். ஆனால் வெள்ளைக் கோட் போட்டதும் நான் 'தம்பி' ஆகிவிட்டேன். சீட்டில் '36' என்று எழுதினார். மொத்தமே 32 பல், இதில் 36ஆம் நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வாயை நான்கு கால்வாசியாகப் பிரித்துக்கொள்வார்களாம். மேல் வலது ஒன்று, மேல் இடது இரண்டு, கீழ் இடது மூன்று, கீழ் வலது நான்கு. நடுவிலிருந்து எண்ணினால் இது ஆறாவது பல். ஆக மூன்று, ஆறு. முப்பத்தாறு என்று படிக்கக் கூடாது, மூன்று ஆறு என்று படிக்க வேண்டும். (தலைப்பில் தெரிந்தேதான் தப்பாக வைத்திருக்கிறேன்.)

எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் முக்கியம். "தம்பி, வேரு நல்லா இருக்கு. இத காப்பாத்தலாம். இங்கயே ரூட் கெனால் பண்றோம், வெளிய மாதிரி செலவு ஆகாது. நாலஞ்சு தடவை வரணும், அவ்வளவுதான்."

நாலஞ்சு தடவை. ஒரு தடவைக்கு அரை நாள். எனக்கு அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே 76 சதவீதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் செமஸ்டர். அதைவிட, மூன்று ராத்திரி தூங்காதவனுக்கு 'காப்பாத்தலாம்' என்ற வார்த்தையில் எந்த சுகமும் இல்லை. இந்தப் பல் என் வாயில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் தோன்றியது.

"புடுங்கிருங்க டாக்டர்."

"புடுங்கினா பக்கத்துப் பல்லு இந்தப் பக்கம் சாயும். மேல இருக்க பல்லு கீழ எறங்கும். வீட்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். புடுங்கச் சொல்லிட்டாங்க."

பச்சைப் பொய். வீட்டில் எனக்குப் பல் வலி என்றே தெரியாது. அவர் இன்னொரு தடவை கேட்டார், நான் இன்னொரு தடவை சொன்னேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். 18 தாண்டியாச்சு அல்லவா, என் கையெழுத்தே போதும். வாழ்க்கையில் நான் பெரியவனாகப் போட்ட முதல் கையெழுத்துகளில் இது ஒன்று.

பிரஷர் பார்த்தார்கள். இரத்தம் உறையும் நேரம் பார்த்தார்கள். பிறகு ஊசி. தாடையின் கடைசியில், கன்னத்துக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ போடுகிறார்கள். அங்கேதான் கீழ்த்தாடைக்குப் போகும் நரம்பு எலும்புக்குள் நுழைகிறதாம். மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுகிற மாதிரி. மருந்து லிக்னோகெய்ன், கூடவே கொஞ்சம் அட்ரினலின். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் மருந்து அங்கேயே ரொம்ப நேரம் நிற்கும், இரத்தமும் குறைவாக வரும். எனக்கு நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, அது மருந்தா பயமா என்று தெரியவில்லை. ஒரு சொட்டு நாக்கில் விழுந்தது, வேப்பங்கொட்டைக் கசப்பு. ஐந்து நிமிடத்தில் பாதி உதடு காணாமல் போனது. தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய உதடு.

இந்த லிக்னோகெய்னை 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்பவர் தயாரித்தார். அதற்கு நூறு வருடம் முன்னால், மரத்துப்போக ஒன்றுமே இல்லாமல் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு ஊரில் ஹோரேஸ் வெல்ஸ் என்று ஒரு பல் டாக்டர். 1844 டிசம்பரில் சிரிப்பூட்டும் வாயுவை, அதாவது நைட்ரஸ் ஆக்சைடை, தானே சுவாசித்துவிட்டுத் தன் பல்லையே இன்னொரு டாக்டரை விட்டுப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. சந்தோஷமாக அடுத்த மாதமே பாஸ்டனுக்குப் போய் மாணவர்கள் முன்னால் செய்து காட்டினார். அங்கே மயக்கம் சரியாக ஏறாமல் பேஷண்ட் கத்திவிட்டார். ஏமாற்றுக்காரன் என்று கேலி செய்து அனுப்பிவிட்டார்கள். 1846இல் அதே ஊரில் அவருடைய பழைய கூட்டாளி மார்ட்டன் ஈதரை வைத்துச் செய்து காட்டிப் பேர் வாங்கிவிட்டார். வெல்ஸ் 1848இல் தற்கொலை செய்துகொண்டார். மனுஷன் தன் பல்லையே கொடுத்துக் கண்டுபிடித்தார், கடைசியில் கிடைத்தது இதுதான். எனக்கு இவர் மேல் ரொம்பப் பரிதாபம்.

சரி, பல்லுக்கு வருவோம்.

நான் அதுவரை பல்லைப் 'பிடுங்குவார்கள்' என்றே நினைத்திருந்தேன், ஆணி பிடுங்குகிற மாதிரி. அப்படி இல்லை. பல் எலும்பில் ஒட்டியிருப்பதில்லை. சுற்றிலும் மெல்லிய நார்களால் குழிக்குள் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. அதனால் குறடை வைத்துப் பிடித்து, கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் மெதுவாக ஆட்டி ஆட்டி, அந்த நார்களை அறுத்து, குழியை அகலமாக்கி, கடைசியில்தான் எடுக்கிறார்கள். நம்மூரில் நட்டு வைத்த கல்லை அசைத்து அசைத்து எடுப்பார்களே, அதே டெக்னிக். வலி கிடையாது. ஆனால் அமுக்கம் தெரியும், சத்தம் தெரியும். மண்டைக்குள்ளேயே ஒரு கதவு கிறீச்சிடுகிற சத்தம்.

மூன்றாவது ஆட்டில் 'மடக்' என்றது. வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது தலை மட்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர். இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன. அந்த அக்காவின் கண் மட்டும்தான் மாஸ்குக்கு மேலே தெரியும். அது ஒரு நொடி விரிந்தது. லேப் எக்ஸாமில் ரீடிங் வராதபோது என் கண்ணும் அப்படித்தான் விரியும். அந்த நொடியில் எனக்கு அவர் மேல் பயம் போய்விட்டது, அவருக்காகப் பயம் வந்துவிட்டது. வாய் மட்டும் திறந்திருக்கிறது, "பரவாயில்லைக்கா" என்று சொல்ல முயன்றேன். "அவாயில்லக்கா" என்று வந்தது. "வலிக்குதா?" என்று பதறினார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஆட்டாதீங்க!"

பெரிய டாக்டர் வந்தார். திட்டவில்லை. அவரையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். ட்ரில்லால் இரண்டு வேரையும் நடுவில் பிரித்து, நெம்புகிற கருவியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இருபது நிமிட வேலை ஐம்பது நிமிடம் ஆனது. இரண்டு தையல். இரண்டாவது வேர் ட்ரேயில் விழுந்தபோது 'டங்' என்று ஒரு சத்தம். அந்த அக்கா விட்ட பெருமூச்சு மாஸ்கைத் தாண்டி எனக்குக் கேட்டது.

பஞ்சைக் கடித்துக்கொண்டே அறிவுரை கேட்டேன். அரை மணிக்கு மேல் கடித்தே இருக்க வேண்டும். துப்பக் கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. சூடாக எதுவும் வேண்டாம். குழியில் இரத்தம் கட்டியாக உறைந்து மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் மூடி. துப்பினால் அந்தக் கட்டி பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிந்து, பிடுங்கும் முன் இருந்ததைவிட மோசமாக வலிக்கும். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான். துண்டு துண்டான பல்லைக் கேட்டேன், பேப்பரில் மடித்துத் தந்தார். வேர்கள் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தன. நீளமாக, மஞ்சளாக, ஒரு குறையும் இல்லாமல்.

சாயந்திரம் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்குப் போன் போட்டால் முதலில் தறிச் சத்தம்தான் பேசும். பிறகு வெளியே வந்து, "சொல்லுய்யா" என்பார்.

"பல்லு ஒண்ணு புடுங்கிருக்கேன்பா."

"என்னைக்கு?"

"இன்னைக்குத்தான். சொத்தை."

"எந்தப் பல்லு?" சொன்னேன். "அடைக்க முடியாதா? வேருக்கு என்னமோ பண்ணுவாங்களாமே?"

"எட்டாயிரம் கேட்டாங்கப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கோபம். "எட்டாயிரம்னா நான் தர மாட்டேனா? உன்னை யாரு கணக்குப் பாக்கச் சொன்னது? பல்லைக் குடுத்துட்டு வந்து சொல்ற?" வாய் மரப்பு விலகி வலி ஆரம்பித்திருந்த நேரம். எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"பால் பல்லு, விழுந்துரும்னு நீங்கதானப்பா சொன்னீங்க."

சொல்லியிருக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு தடவை சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னால் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "ஐஸ் ஏதாவது வாங்கிச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மல்லாக்கப் படுத்துக்கொண்டு யோசித்தேன். செலவு குறைவாக அதே கல்லூரியில் காப்பாற்றியிருக்கலாம் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எட்டாயிரத்தைச் சொன்னால் என் முடிவு தியாகம் மாதிரி தெரிகிறது. நாலஞ்சு தடவை பஸ் ஏற சோம்பல்பட்டேன் என்று சொன்னால் அப்படித் தெரியாது. இனி அந்த இடத்தில் ஒரு செயற்கைப் பல் வைப்பதென்றால் அந்த எட்டாயிரம் எல்லாம் எம்மாத்திரம்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். குழைந்த ரசம் சாதம். அப்பத்தா பல்லைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, கூரையில் எறியணுமா என்று கேட்டார். வீடு தார்சாகி ஐந்து வருடம் ஆகிறது, எறிந்தால் மொட்டைமாடியில் கிடக்கும். அப்பா என்னிடம் அதிகம் பேசவில்லை. நான் அந்தக் கல்லூரி விஷயத்தைச் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். "ம்" என்றார்.

ராத்திரி அக்கா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாப்பாவுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், அப்பா அவளை டியூப்லைட்டுக்கு நேராகத் திண்ணையில் உட்கார வைத்து, மொபைல் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆ காட்டு, இன்னும் பெருசா." பிறகு என்னைப் பார்க்காமலேயே கூப்பிட்டார்.

"இங்க வா. கடைசியில இருக்கே, இது அந்த ஆறு வயசுப் பல்லா பாரு."

அதேதான். கீழ் வலது பக்கம், பள்ளத்தில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு. இந்த அளவில் அடைத்துவிட்டால் ஒரே உட்காரலில் முடிகிற வேலை. அக்கா, "பால் பல்லு இல்லையா?" என்றாள். அப்பாதான் பதில் சொன்னார்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அப்பா தறிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அதே கல்லூரிக்கு வருகிறார். எட்டரைக்கே வரிசை இருக்கும், ஆறு மணி பஸ்ஸைப் பிடியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் தையல் பிரிப்பது செவ்வாய்க்கிழமைதான். ஆனாலும் நாளைக்கே போகலாம் என்றிருக்கிறேன். அட்டெண்டன்ஸ் போனால் போகட்டும்.